கோடிங் வகுப்புக்கு முன், வீட்டில் ஒரு மாம்பழம் விழட்டும்

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 4, மகன் பாலர் வகுப்பு 2. பக்கத்துக் கடைத்தொகுதியில் நடக்கும் கோடிங் வகுப்புக்கு ஒரு தவணைக்குப் பல நூறு வெள்ளி கேட்கிறார்கள். இருவரையும் சேர்க்க எங்களுக்கு வசதி இல்லை. எனக்கும் கணவருக்கும் நிரலாக்கம் தெரியாது. வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு டேப்லெட்டும் இருக்கின்றன. மகள் யூடியூப் பார்த்து ஸ்கிராச் என்ற நிரலாக்க மென்பொருளில் விளையாட்டுகள் செய்கிறாள். ஆனால் காணொளி இல்லாமல் சொந்தமாக எதுவும் செய்ய வரவில்லை. செலவில்லாமல் வீட்டிலேயே கற்றுக்கொடுக்க முடியுமா? திரை நேரம் கூடிவிடுமோ என்ற கவலையும் உண்டு.
– ஒரு தாய், ஜூரோங் வெஸ்ட்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். தொடக்கநிலைப் பிள்ளைக்கு வேண்டிய மென்பொருள்கள் எல்லாமே இலவசம். அவை நல்ல வகுப்புகளில் பயன்படுத்தும் அதே மென்பொருள்கள்தான். பள்ளியிலும் கொஞ்சம் கிடைக்கும். 2020 முதல் மேல்தொடக்கநிலை மாணவர் எல்லாருக்கும் ‘கோட் ஃபார் ஃபன்’ என்ற 10 மணி நேரப் பயிற்சி உண்டு. உங்கள் மகள் அதைப் பள்ளியிலேயே பெறுவாள். அதனால் இப்போது வகுப்பில் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாளோ என்று பயப்படாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி, ‘காணொளி இல்லாமல் எதுவும் செய்ய வரவில்லை’ என்பதுதான். பணம் கட்டி வகுப்பில் சேர்த்தாலும் இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடாது. காணொளியில் ஒருவர், ஆளுக்கொரு கட்டளையாக உள்ள கட்டைகளைத் திரையில் சரியான வரிசையில் அடுக்கிக்காட்டுகிறார், மகள் அதைப் பார்த்து அடுக்குகிறாள், விளையாட்டு ஓடுகிறது. ஏன் ஓடியது என்று யோசிக்க வேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை. நிரலாக்கத்தை ஒரு பிள்ளை கற்பது, ஓட வேண்டியது ஓடாமல் நிற்கும்போது அதைத் தானே சரிசெய்யும் அந்தப் பத்து நிமிடத்தில். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். அவருக்கு நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாதவராக இருந்தால் விடையைச் சொல்லிவிட மாட்டார் என்பதால் சில வேளைகளில் அதுவே நல்லது.

முதலில் மகன். ஆறு வயதுக்கு ஸ்கிராச்ஜூனியர் என்ற செயலி போதும். 5 முதல் 7 வயதினருக்காகச் செய்தது. ஐபேடிலும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் இலவசம், கணக்குத் திறக்க வேண்டாம், விளம்பரம் கிடையாது. கட்டைகளில் எழுத்துக்குப் பதில் படங்கள் இருப்பதால் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் செய்யலாம். திரை குறுக்கில் 20, நெடுக்கில் 15 கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ‘வலப்பக்கம் 5’ என்றால் திரையிலுள்ள பூனை ஐந்து கட்டம் நகரும்.

அதைத் திறப்பதற்கு முன் இரண்டு வாரம் தரையிலேயே விளையாடுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தின் தரை ஓடுகளே கட்டங்கள். ஓர் ஓட்டில் அக்காள் ‘ரோபோ’வாக நிற்கட்டும், நான்கைந்து ஓடு தள்ளி ஒரு பிஸ்கட் வையுங்கள், நடுவில் ஒரு நாற்காலியைத் தடையாகப் போடுங்கள். தம்பி துண்டுக் காகிதங்களில் அம்புக்குறிகள் வரைந்து வரிசையாக அடுக்க வேண்டும்: முன்னே, முன்னே, வலப்பக்கம் திரும்பு, முன்னே. அடுக்கி முடியும்வரை ரோபோ அசையக் கூடாது. அடுக்கியபின் அப்படியே நடக்க வேண்டும், தப்பான கட்டளை என்றாலும் அதன்படிதான்.

இதில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இடறுவார்கள். ரோபோ தன்னைப் பார்த்து நிற்கும்போது அதன் வலம் தன் இடமாக இருக்கும். ‘வலம் திரும்பு’ என்றால் திரும்பியபடியே ஓர் அடியும் எடுத்துவைக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். திரும்புவது ஒரு கட்டளை, நகர்வது வேறொரு கட்டளை. பிழை வந்தால் முழு வரிசையையும் கலைக்க விடாதீர்கள். எந்தக் காகிதத்தில் பிசகியது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லி, அந்த ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பின்னால் எந்த நிரலாக்க மொழிக்கும் அது உதவும். இதில் திரையே இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

இப்போது மகள். ஸ்கிராச் அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் உருவாகி 2007ல் வெளிவந்தது, 8 முதல் 16 வயதினருக்கானது. உலாவியிலேயே ஓடும், இணையம் விட்டுவிட்டு வருமென்றால் கணினியில் இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினியில்தான் செய்யச் சொல்லுங்கள். டேப்லெட்டிலும் திறக்கும், ஆனால் விசைப்பலகை இல்லாமல் ‘இந்த விசையை அழுத்தினால்’ என்ற கட்டைகள் வேலை செய்யாது. பழைய கணினியில் ‘வெப்ஜிஎல் இல்லை’ என்று பிழைச்செய்தி வந்து ஸ்கிராச் திறக்க மறுத்தால், குரோம் அமைப்புகளுக்குள் ‘ஹார்டுவேர் ஆக்செலரேஷன்’ என்பது அணைந்திருக்கிறதா பாருங்கள். அதை இயக்கிவிட்டு உலாவியை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கணக்கு தொடங்காமலும் ஸ்கிராச்சைப் பயன்படுத்தலாம். ‘ஃபைல்’ பட்டியலில் உங்கள் கணினியில் சேமிக்கும் வழி இருக்கிறது. முதல் சில மாதங்களுக்கு அதையே செய்யுங்கள். மற்றப் பிள்ளைகளின் படைப்புகளும் கருத்துகளும் கவனத்தைக் கலைக்காமல் இருக்கும். பின்னர் கணக்குத் திறந்தால் பயனர்பெயரில் சொந்தப் பெயர், பள்ளிப் பெயர், பிறந்த ஆண்டு எதுவும் வேண்டாம். ஓடுகிற நிலைக்கு வந்த ஒவ்வொரு தடவையும் மாம்பழம்-1, மாம்பழம்-2 என்று புதுப் பெயரில் சேமிக்கப் பழக்குங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டுத் திரும்ப வழியில்லாமல் அழுவது இந்த வயதில் சகஜம். முந்தைய பிரதி கையில் இருந்தால் துணிந்து மாற்றிப் பார்ப்பாள்.

காணொளியை அடியோடு நிறுத்த வேண்டாம். ஆனால் ஒரு விதி வையுங்கள்: பார்த்துச் செய்த ஒவ்வொன்றிலும் காணொளியில் இல்லாத மூன்று மாற்றங்கள் செய்ய வேண்டும். முதல் மாற்றம் ஓர் எண் (வேகம், அளவு). இரண்டாவது ஒரு விதி (தொட்டால் மதிப்பெண் கூடுவதற்குப் பதில் குறைய வேண்டும்). மூன்றாவது, இல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பது. மூன்றாவதில்தான் திணறுவாள். திணறட்டும்.

பிறகு காணொளியே பார்க்காமல் ஒரு விளையாட்டு: மரத்திலிருந்து விழும் மாம்பழத்தைக் கூடையில் பிடிப்பது. உருவங்களில் ‘பௌல்’ என்று ஒரு கிண்ணம் இருக்கும், அதுவே கூடை. மாம்பழத்தை வரைபலகையில் அவளே வரையட்டும். நிரலைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் அவள் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும்: கூடை என்ன செய்யும், பழம் என்ன செய்யும், இரண்டும் சந்தித்தால் என்ன நடக்கும். இந்தத் தாள் இல்லாமல் கணினியைத் திறக்க விடாதீர்கள்.

ஸ்கிராச் மேடையின் அகலம் 480, உயரம் 360. நட்டநடு சுழியம், அதனால் குறுக்கே -240 முதல் 240 வரை, மேல்கீழாக -180 முதல் 180 வரை. கூடைக்கு: பச்சைக் கொடியை அழுத்தியதும் உயரத்தை -140ல் வை. பிறகு ‘ஃபாரெவர்’ என்ற, ஓயாமல் திரும்பத் திரும்ப ஓடும் சுழற்சிக்குள், குறுக்கு இடத்தை மவுஸின் குறுக்கு இடமாக வைத்துக்கொண்டே இரு. பழத்துக்கு: கொடியை அழுத்தியதும் மதிப்பெண்ணைச் சுழியமாக்கு. ‘ஃபாரெவர்’ சுழற்சிக்குள், குறுக்கே -200க்கும் 200க்கும் இடையில் ஏதோ ஓர் இடத்துக்கு, 170 உயரத்துக்குப் போ. உயரம் -160க்குக் கீழே போகும்வரை ஒவ்வொரு சுற்றிலும் 5 இறங்கு, அந்தச் சுற்றுக்குள்ளேயே கூடையைத் தொட்டால் மதிப்பெண் ஒன்று கூட்டு. ஸ்கிராச் நொடிக்கு 30 சுற்று ஓடும். 330 அளவை 5 வீதம் இறங்க 66 சுற்று, அதாவது இரண்டு நொடிக்குச் சற்று மேல். வேகத்தைக் கூட்டக் குறைக்க எந்த எண்ணை மாற்றுவது என்று அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இதை ஒரே மூச்சில் சரியாகச் செய்துவிட மாட்டாள். எதிர்பார்க்க வேண்டிய கோளாறுகளைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதறாமல் இருக்க.

பழம் கூடையில் விழுகிறது, மதிப்பெண் ஏறவே இல்லை. ‘தொட்டால்’ என்ற நிபந்தனையைச் சுழற்சிக்கு வெளியே, கொடிக்கு நேர்கீழே வைத்திருப்பாள். கணினி அதை ஆட்டம் தொடங்கிய கணத்தில் ஒருமுறை பார்த்தது, அப்போது பழம் மேலே இருந்தது, அதோடு அந்த வேலை முடிந்தது. ‘எப்போது பார்க்கிறது, எத்தனை தடவை பார்க்கிறது?’ என்று கேளுங்கள்.

ஒரு பழத்துக்கு மதிப்பெண் எட்டு, ஒன்பது என்று எகிறுகிறது. இது நல்ல கோளாறு, வந்தால் மகிழுங்கள். பழம் ஒவ்வொரு சுற்றிலும் 5தான் இறங்குகிறது. கூடையைக் கடக்கும் நேரம் முழுவதும் ஒவ்வொரு சுற்றிலும் அது தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மதிப்பெண் விழுகிறது. தீர்வு, மதிப்பெண்ணைக் கூட்டிய கையோடு பழத்தை உடனே மேலே அனுப்பிவிடுவது. இந்தத் தீர்வை எக்காரணம் கொண்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவள் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

பழம் எப்போதும் ஒரே இடத்திலிருந்து விழுகிறது என்றால், இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டை சுழற்சிக்கு வெளியே நிற்கிறது. இரண்டாவது ஆட்டம் பழைய மதிப்பெண்ணோடு தொடங்குகிறது என்றால், தொடக்கத்தில் சுழியமாக்க மறந்திருக்கிறாள்.

கோளாறு வந்ததும் நீங்கள் கேட்க வேண்டியவை மிகக் குறைவு. என்ன நடக்கும் என்று நினைத்தாய்? என்ன நடந்தது? எதுவரை சரியாக ஓடியது? மூன்றாவது கேள்விக்கு விடை தேட ஸ்கிராச்சிலேயே வழிகள் உண்டு. எந்தக் கட்டைக் கூட்டத்தையும் தனியே பிரித்து, அதன்மேல் அழுத்தினால் அது மட்டும் ஓடும். மதிப்பெண்ணின் பக்கத்தில் உள்ள பெட்டியில் டிக் போட்டால் அது மாறுவது திரையில் தெரியும். வேகமாக ஓடி மறைந்துவிட்டால் சுழற்சிக்குள் அரை நொடி காத்திருக்கும் கட்டையைச் செருகலாம், எல்லாம் மெதுவாக நடக்கும், பிசகு கண்ணில் படும். அரை மணி நேரம் போராடியும் அகப்படவில்லை என்றால் மூடிவைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். களைத்த பிள்ளை எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிடும்.

பிழை தேடுவது தெரியாதவர்களின் வேலை என்று அவள் நினைத்தால், 2015ல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தாம் சி++ மொழியில் எழுதிய சுடோகு விடை தேடும் நிரலைப் பொதுவில் வெளியிட்டு, பிழை கண்டால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதைச் சொல்லுங்கள்.

மதிப்பெண், வேகம் போல ஆட்டத்தின்போது மதிப்பு மாறக்கூடிய ‘மாறி’களுக்கு ஸ்கிராச்சில் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அவளே உருவாக்கும் கட்டைகளுக்கும் அப்படித்தான். ‘பழத்தை மேலே அனுப்பு’ என்று ஒரு கட்டை செய்து அதற்குள் வேலையை அடைத்துவிட்டால் நிரல் வாசிப்பதற்கு எளிதாகிறது, உங்களுக்கும் புரியும். தாய்மொழி வகுப்பு வேறு, கணினி வேறு என்று பிரிந்து கிடக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் செய்துபார்க்கச் சொல்வேன்.

திரை நேரத்துக்கு வருகிறேன். சுகாதார அமைச்சின் 2025 ஜனவரி வழிகாட்டி, 3 முதல் 6 வயதுக்குப் பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவும், 7 முதல் 12 வயதுக்குப் பள்ளி வேலை தவிர இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நிரலாக்கத்தை அந்தக் கணக்குக்குள்ளேயே வையுங்கள், விதிவிலக்காக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், மகளுக்கு 45 நிமிடம், மகனுக்கு 20 நிமிடம் போதும். தினமும் வேண்டாம். நாளும் நேரமும் மாறாமல் இருக்க வேண்டும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று விட்டால் பள்ளித் தேர்வுகளும் துணைப்பாடமும் அதை விழுங்கிவிடும். மகளின் 45 நிமிடத்தில் முதல் 10 நிமிடம் தாளும் பென்சிலும்தான்.

செலவில்லாத இடங்கள் இன்னும் உண்டு. நூலகத்தில் பிள்ளைகள் பகுதியில் 005.13 என்ற எண்ணுள்ள அலமாரியைத் தேடுங்கள், ஸ்கிராச் நூல்களும், கட்டளைகளை எழுத்தில் தட்டி எழுதும் பைத்தான் மொழிக்கான நூல்களும் அங்கேதான் இருக்கும். காணொளியைவிட நூல் நல்லது. நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தேவையில்லை, பக்கம் அங்கேயே இருக்கும். ஜூரோங், உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பொங்கோல் வட்டார நூலகங்களில் ‘மேக்ஐடி’ என்ற செய்முறைக் கூடங்கள் உள்ளன. மடிக்கணினி ஓய்ந்துபோனால், தகுதிபெறும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை விலையில் கணினி தரும் ‘டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம்’ திட்டத்தை விசாரியுங்கள்.

ஸ்கிராச் சலித்தால் மைக்ரோபிட். அது 25 சிறு விளக்குகளும் இரண்டு பொத்தான்களும் கொண்ட ஓர் அட்டை. அதை வாங்கவே வேண்டாம். ‘மேக்கோட்’ என்ற இலவசத் தளத்தில் அந்த அட்டையின் மாதிரி திரையிலேயே ஓடும், கட்டைகளும் ஸ்கிராச் போலவே இருக்கும்.

பைத்தானுக்கு எப்போது போகலாம் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். வயது அதற்கு அளவுகோல் அல்ல. ஒரு விளையாட்டைக் காணொளி இல்லாமல் தொடக்கம் முதல் முடிவு வரை செய்திருக்க வேண்டும். சுழற்சி, நிபந்தனை, மாறி மூன்றையும் தன் வார்த்தையில் விளக்க வேண்டும். விசைப்பலகையைத் தேடித்தேடித் தட்டாமல் இருக்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு இது தொடக்கநிலை 6 அல்லது உயர்நிலை 1ல் கூடிவரும். உயர்நிலைப் பள்ளியின் கம்ப்யூட்டிங் பாடத்திலும் பைத்தான்தான் என்பதால் அந்த உழைப்பு வீணாகாது.

தோனி (Thonny) என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள், பைத்தானும் அதனுடனேயே வந்துவிடும். முதல் பாடமாக ‘டர்ட்டில்’, அதாவது கோடு போட்டுக்கொண்டே நகரும் ஆமையை எடுத்துக்கொண்டால் கோலம் போடலாம். 100 முன்னே, 90 பாகை திரும்பு, நான்கு தடவை: சதுரம். முக்கோணத்துக்குப் பிள்ளைகள் எல்லாரும் 60 பாகை கொடுப்பார்கள், ஏனென்றால் பள்ளியில் படித்த உட்கோணம் அது. ஆமையோ அரை அறுகோணத்தைப் போட்டுவிட்டு நிற்கும். ஆமை திரும்புவது வெளிப்பக்கக் கோணம், அதனால் 360ஐ மூன்றால் வகுத்து 120 கொடுக்க வேண்டும். ஒரு வட்டம் போட்டு 10 பாகை திரும்பி, அப்படியே 36 தடவை செய்தால் வாசலில் போடத் தகுந்த ஒரு பூ கிடைக்கும்.

கோப்புக்கு மட்டும் டர்ட்டில் என்று பெயர் வைக்க வேண்டாம். பைத்தான் தன் ஆமையைத் தேடும்போது உங்கள் மகளின் கோப்பையே எடுத்துக்கொண்டு, புரியாத பிழைச்செய்தி காட்டும். கோலம் என்று ஆங்கில எழுத்தில் பெயரிடுங்கள். இன்னொரு பொறி: பயனரிடம் எண் கேட்டு வாங்கினால் பைத்தான் அதை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும், 5ஐயும் 3ஐயும் கூட்டினால் 53 வரும். எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும்.

ஒருநாள் பைத்தானிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்கச் சொல்லுங்கள். 5 என்று சொல்லும். மூன்று எழுத்துதானே என்பாள். கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். அப்படியானால் மூன்று என்று சொல்லவைக்க எப்படி நிரல் எழுதுவது? அவளுக்கு ஒரு வாரம் பிடிக்கக்கூடிய நல்ல கணக்கு அது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் முழு நிரலையும் எழுதிக் கொடுத்துவிடும். சாட்ஜிபிடியின் விதிப்படியே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. அதைவிட, காணொளியில் இப்போது இருக்கும் சிக்கலை அது பத்து மடங்காக்கும் என்பதால் வேண்டாம் என்கிறேன்.

ஓராண்டுக்குப் பிறகு, வீட்டில் கேட்க ஆளில்லாத கேள்விகளை அவள் கேட்கத் தொடங்கினால் வகுப்பைப் பற்றி யோசிக்கலாம். அப்போது சான்றிதழைப் பார்க்காமல் இதைக் கேளுங்கள்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? எல்லாப் பிள்ளைகளும் ஒரே விளையாட்டைச் செய்கிறார்களா, தத்தமது விளையாட்டையா? நிரல் ஓடாவிட்டால் ஆசிரியர் மவுஸைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்று விடை வந்தால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.